துப்பத் தெரியாத குழந்தை... துப்பு துலக்குவது எப்படி?

ரெண்டு வயசுக் குழந்தைக்கு டி.பி. இருக்கா, இல்லையா? இன்ஜினீயரிங் மூளையையே கிறுகிறுக்க வைக்கும் ஒரு கேள்வி!

ஒரு சின்ன வேலை சொல்றேன், செஞ்சு பாருங்க. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ரெண்டு வயசு வாண்டு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதுகிட்ட ஒரு டப்பாவை நீட்டி, ‘நல்லா ஆழமா இருமி, சளியை இதுல துப்புடா செல்லம்’னு கேளுங்க.

டப்பாவைத் தூக்கித் தலையில் கவுத்துக்கும். இல்லாட்டி சிரிச்சிக்கிட்டே ஓடிடும். சளி மட்டும் வராது! ஏன்னா, சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளியைக் காறித் துப்பத் தெரியாது. மேலே வர்றதை அப்படியே முழுங்கிடும்.

‘இதுல என்ன பாஸ் மேட்டர்?’னு கேக்கறீங்களா? காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் உலகத்துக்கு அறிவிச்சது 1882-ல். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல, டி.பி-யைக் கண்டுபிடிக்க உலகம் பெரிதும் நம்பியிருந்தது சளிப் பரிசோதனையைத்தான். துப்பினாத்தான் துப்பு கிடைக்கும். துப்பவே தெரியாதவங்களை என்ன செய்யறது?

2023-ல் மட்டும் உலகத்துல சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்திருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குப் போட்டிருக்கு. அதில் சுமார் 12 சதவிகிதம் பேர் 15 வயசுக்குக் கீழே. இன்னொரு கணக்கு இதைவிட உறைக்கும். 2015-ல் காசநோயால் இறந்த குழந்தைகள் சுமார் 2,39,000 பேர்னு 2017-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. அவங்கள்ல 80 சதவிகிதம் பேர் அஞ்சு வயசுக்குக் கீழே. 96 சதவிகிதம் பேருக்கு சிகிச்சையே ஆரம்பிக்கப்படலை!

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. மருந்து வேலை செய்யாம அந்தக் குழந்தைகள் சாகலை. மருந்து அவங்ககிட்ட போய்ச் சேரவே இல்லை. பலருக்கு என்ன நோய்னே யாரும் கண்டுபிடிக்கலை.

சவலையா... சளியா?

திருத்தணியில ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணிக்குங்க. மலைக்கு மேல 365 படி ஏறினா முருகன். கீழே ஆட்டோ, பூக்கடை, பஸ் ஸ்டாண்ட், அரக்கோணம் பக்கம் காலேஜுக்கு ஓடற பசங்க கூட்டம். அந்தக் குடும்பத்துல ஒரு மூணு வயசுப் பொண்ணு. மூணு மாசமா எடை ஏறலை. சாயங்காலமானா உடம்பு லேசா சுடுது. முன்ன மாதிரி ஓடியாடாம, ஒரு மூலையில உக்காந்துடுது.

வீட்டுல என்ன சொல்வாங்க? ‘தம்பி பொறந்துட்டான்ல, சவலை பாஞ்சிருக்கு.’ ‘கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு.’ ‘காவடிக் கூட்டத்துல தூக்கிட்டுப் போனோமே, காத்து கருப்பு ஏதாச்சும்...’ மெடிக்கல் ஷாப்புல ஒரு சிரப். அது கேக்கலைன்னா இன்னொரு சிரப்.

யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மூணு வயசுக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் வர்றது அதிசயமா? குழந்தைகளோட டி.பி. இப்படித்தான் ரொம்பச் சாதாரணமான வேஷத்துல வரும். பெரியவங்க மாதிரி ரத்தம் கக்கற சினிமா ஸீன் எல்லாம் சின்னக் குழந்தைகள்கிட்ட அபூர்வம்.

சில சமயம் டாக்டர் சரியாக் கண்டுபிடிச்சிருப்பார். ஆனா, வீட்டுல அதுக்கு வேற பேரு: ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’! இந்த வார்த்தையைத் தமிழ்நாட்டுல கேள்விப்படாத அம்மாக்கள் குறைச்சல். ஏதோ சத்துக் குறைபாடு மாதிரி, வளர வளரச் சரியாகிடற சமாசாரம் மாதிரி ஒலிக்கும். நிஜத்துல அது குழந்தைகளுக்கு வரும் காசநோயின் ஆரம்ப வடிவம். நுரையீரல்ல கிருமி முதன்முதலா உக்காரும் சின்னப் புள்ளி, அதுக்குப் பக்கத்துல வீங்கும் நெறிகட்டி... இந்த ஜோடிக்கு டாக்டர்கள் வச்ச பேருதான் பிரைமரி காம்ப்ளெக்ஸ். குழந்தைகளோட நுரையீரலை ஆராய்ஞ்சு, அந்த முதல் புள்ளியைப் பத்தி ஆன்டன் கோன் என்ற ஆஸ்திரிய டாக்டர் எழுதின புத்தகம் 1912-ல் வந்தது.

டி.பி-னு சொன்னா சொந்தக்காரங்க ஒதுக்கிடுவாங்க, நாளைக்குப் பொண்ணு கல்யாணம்னு வரும்போது பேச்சு வரும்... அந்தப் பயத்துக்கு இந்த இங்கிலீஷ் பேரு ஒரு போர்வை. ஆனா, போர்வைக்குள்ள ஒரு முக்கியமான கேள்வியும் காணாமப் போயிடுது: ‘இந்தக் குழந்தைக்கு இது யார்கிட்டேர்ந்து வந்தது?’ அந்தக் கேள்விக்கு அப்புறம் வர்றேன்.

பத்தாயிரமா, பதினாறா?

இப்ப நம்ம ஏரியா. எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு ‘சிக்னல்-நாய்ஸ்’ தெரியும். ஒரு கருவி எவ்வளவு சின்ன சிக்னலை உணரும்கறதுக்கு ஒரு எல்லை இருக்கும். அதுக்குக் கீழே சிக்னல் இருந்தாலும் மீட்டர்ல பூஜ்யம்தான்.

சளியில கிருமியை மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்னா, ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10,000 கிருமியாவது இருக்கணும். பெரியவங்க நுரையீரல்ல குழி விழுந்து, அதுல கிருமி கோடிக்கணக்கில் குடித்தனம் நடத்தும். அதனால மைக்ராஸ்கோப்ல மாட்டிக்கும். குழந்தைக்கு நோய் இருந்தாலும் கிருமி ரொம்பக் குறைவு. துப்பறதும் இல்லை, துப்பினாலும் அதுல சரக்கு இல்லை. டபுள் ப்ராப்ளம்!

அடுத்து வந்தது கிருமியோட டி.என்.ஏ-வைப் பெருக்கிப் பார்க்கும் கருவி. நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல ‘சி.பி.நாட்’னு சொல்வாங்க. ஜீன்எக்ஸ்பெர்ட் என்பதுதான் மெஷின். முதல்ல வந்த கார்ட்ரிட்ஜுக்கு ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 130 கிருமி போதும். அடுத்து வந்த ‘அல்ட்ரா’வுக்குச் சுமார் 16! ரெண்டு மணி நேரத்துல ரிசல்ட். கூடவே, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா, அடங்காதானும் சொல்லிடும். கோவாவைச் சேர்ந்த மோல்பியோ கம்பெனியோட ‘ட்ரூநாட்’ பேட்டரியில ஓடும். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அதையும் பரிந்துரைச்சது.

சரி, மெஷின் ரெடி. சாம்பிள் எங்கே? முழுங்கின சளி எங்கே போகும்... வயித்துக்குத்தானே! அதனால குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்த்து, விடிகாலையில வெறும் வயித்தோட இருக்கும்போது மூக்கு வழியா மெல்லிய டியூப் விட்டு, வயித்துல இருக்கும் திரவத்தை உறிஞ்சி எடுப்பாங்க. பொதுவா அடுத்தடுத்து ரெண்டு நாள். குழந்தை அழும், அம்மாவும் அழுவாங்க. இன்னொரு வழி, உப்புநீர் ஆவியைக் கொடுத்து சளியைத் தளர்த்தி எடுக்கறது.

வயித்துக்குப் போனது அடுத்து எங்கே வரும்? யெஸ், நீங்க நினைக்கறது சரிதான்! குழந்தையோட மலத்தையே ஜீன்எக்ஸ்பெர்ட்ல வச்சுப் பரிசோதிக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை கொடுத்திருக்கு. டியூப் வேணாம், அழுகை வேணாம். நம்ம பாட்டிங்க டயப்பரைப் பார்த்தே பாதி ஜோசியம் சொன்னாங்களே... லேப் இப்பத்தான் அந்த வழிக்கு வந்திருக்கு!

ஆனா, ஒண்ணை அழுத்திச் சொல்லணும். இந்த மெஷின்ல பாசிட்டிவ் வந்தா டி.பி-ன்னு நம்பிச் செயல்படலாம். நெகட்டிவ் வந்தா ‘டி.பி. இல்லை’ன்னு அர்த்தம் கிடையாது. சிக்னல் எல்லைக்குக் கீழே இருந்திருக்கலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டும், குழந்தைகள் விஷயத்துல பாதிக்கு மேல கைவிரிச்சுடும். அதுக்கும் வாரக்கணக்குல காத்திருக்கணும்.

சாட்சி இல்லாத கேஸ்!

நேரடி சாட்சி கிடைக்காத கேஸ்ல, நம்ம துப்பறியும் கதை ஹீரோக்கள் என்ன செய்வாங்க? சூழ்நிலைச் சாட்சியங்களைச் சேர்ப்பாங்க. குழந்தை டாக்டரும் அதையேதான் செய்யறார். ஒவ்வொண்ணாப் பாருங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சலா, இருமலா? எடை குறையுதா, இல்லை மூணு மாசமா ஏறவே இல்லையா? கடைசிக் கேள்விக்கு டாக்டரைவிட நல்ல சாட்சி ஒண்ணு இருக்கு. நம்ம ஊரு பால்வாடியில குழந்தையை நிறுத்துப் போட்டு வைக்கும் எடை அட்டை! அந்தக் கோடு படுத்துக்கிச்சுன்னா அது ‘சவலை’ன்னு ஒதுக்கற விஷயம் இல்லை.

அடுத்து எக்ஸ்ரே. நெஞ்சுக்கு நடுவுல நெறிகட்டி வீங்கியிருந்தா நல்ல துப்பு. ஆனா, குழந்தை அசையும், அழும். படம் கோணலா விழும். சின்னக் குழந்தைகளுக்கு இயல்பாவே பெருசா இருக்கும் தைமஸ் சுரப்பி குழப்பும். நிமோனியாவும் கிட்டத்தட்ட இதே மாதிரி நிழல் காட்டும்.

அப்புறம் மான்டோ டெஸ்ட். முன்கையில ஊசி குத்தி, ரெண்டு மூணு நாள் கழிச்சுத் தடிப்பை ஸ்கேல் வச்சு அளப்பாங்க. 10 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா பாசிட்டிவ். ஆனா, ‘உடம்புக்குள்ள கிருமி எப்பவோ வந்திருக்கு’ன்னுதான் அது சொல்லும். நோயா மாறிடுச்சான்னு சொல்லாது. ரொம்ப மெலிஞ்ச குழந்தைக்கு, நோய் முத்தியிருந்தாலும் தடிப்பு வராமப் போகலாம். யாருக்கு டெஸ்ட் அதிகம் தேவையோ, அவங்ககிட்டயே அது காலை வாரிடும்!

‘எதுக்குங்க இவ்ளோ கஷ்டம், ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா தெரியாதா?’ தெரியாது. டி.பி-க்கு எதிரான ஆன்டிபாடியை ரத்தத்துல பார்க்கும் டெஸ்ட்டுகளை நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொல்லிடுச்சு. இந்தியா 2012-ல் அவற்றைத் தடையே பண்ணிடுச்சு.

இத்தனை அரைகுறைத் துப்புகளை எப்படிச் சேர்க்கறது? அதுக்கும் ஒரு வழி வந்திருக்கு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், 10 வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு ஒரு மார்க் ஷீட் கொடுத்தது. காய்ச்சலுக்கு இவ்வளவு, சோர்வுக்கு இவ்வளவு, எக்ஸ்ரேவில் நெறிகட்டி தெரிஞ்சா இவ்வளவுன்னு மார்க். கூட்டி 10-ஐத் தாண்டினா, கிருமி கண்ணுக்குச் சிக்காட்டியும் சிகிச்சையை ஆரம்பிக்கலாம். எக்ஸ்டர்னல்ல கோட்டை விட்டாலும் இன்டர்னல் மார்க் காப்பாத்தற மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

எந்தப் பக்கம் தப்பினா பரவாயில்லை?

எந்த டிடெக்டரும் ரெண்டு விதமா ஏமாறும். இல்லாததை இருக்குன்னு சொல்றது ஒண்ணு. இருக்கறதை இல்லைன்னு சொல்றது இன்னொண்ணு.

முதல் வகை ஒண்ணும் லேசானது இல்லை. ஒல்லியா, அடிக்கடி சளி பிடிக்கற குழந்தைக்கெல்லாம் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ முத்திரை குத்தி மாசக்கணக்குல மாத்திரை கொடுத்தா, நிஜ நோய் (ஆஸ்துமாவா இருக்கலாம், வேற எதுவா வேணா இருக்கலாம்) மறைஞ்சு போகும். அந்த மருந்துகள் சிலருக்குக் கல்லீரலையும் பதம் பார்க்கும். அதனாலதான் அவசரம் இல்லாத கேஸ்ல, முதல்ல ஒரு வாரம் சாதாரண ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்க்கறாங்க. அந்த ஒரு வாரத்துல லீவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகளைத் தவிர்ப்பாங்க. அது டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கி, ‘சரியாயிடுச்சு’ன்னு பொய் சொல்ல வச்சிடும். மெடிக்கல் ஷாப்புல நீங்களா மருந்து கேட்டு வாங்கக் கூடாதுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா, ரெண்டாவது வகைத் தப்புக்கு விலை அதிகம். கிருமி தொத்தின பிறகு, 5 முதல் 10 வயசுக் குழந்தைகளுக்கு அது நோயா மாறும் வாய்ப்பு நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான். அதுவே ஒரு வயசுக்குக் கீழேன்னா, தடுப்பு மருந்து கொடுக்கலைன்னா, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு! அதுவும் சின்னஞ்சிறு உடம்புல நுரையீரலோட நிக்காமலும் போகலாம். ரத்தத்துல கலந்து மூளை உறைக்கும் போயிடலாம். டி.பி. மூளைக் காய்ச்சல்ல உயிர் பிழைச்சாலும், பலர்கிட்டேர்ந்து காது, பேச்சு, நடை... எதையாவது பறிச்சுக்கிட்டுத்தான் விடும். ‘இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்’ங்கறது பச்சைக் குழந்தை விஷயத்துல ரொம்பப் பெரிய வார்த்தை.

நல்ல சேதியும் உண்டு. லேசான டி.பி. உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாச மருந்துக்குப் பதில் நாலு மாசமே போதும்னு ‘ஷைன்’ ஆராய்ச்சி காட்டுச்சு. இந்தியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜாம்பியா... மொத்தம் 1,204 குழந்தைகள். அந்த ஆராய்ச்சி நடந்த இடங்கள்ல நம்ம சென்னையும் ஒண்ணு. முடிவு வெளியானது 2022-ல்.

நம்ம மண்ணு உலகத்துக்குச் சொன்ன சேதி

டி.பி. வரலாற்றுல திருத்தணி வட்டாரம் ஓரமா நிக்கற ஊர் இல்லை. 1960 வரைக்கும் திருத்தணி, ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம்தான் நம்ம பக்கம் வந்து, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துல சேர்ந்தது. அதே பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில்தான் புகழ்பெற்ற ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம் இருந்தது. இந்தியாவுல பி.சி.ஜி. தடுப்பூசி 1948-ல் ஆரம்பமானபோது முதல்ல போட்ட இடங்கள்ல மதனப்பள்ளியும் ஒண்ணு.

உங்க இடது தோள்ல ஒரு சின்னத் தழும்பு இருக்கா? அதுதான் பி.சி.ஜி. அந்த ஊசி எவ்வளவு காப்பாத்துதுன்னு உலகத்துலயே மிகப் பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல, திருவள்ளூர் சுற்று வட்டாரத்துல. 1968-ல் ஆரம்பிச்சு, லட்சக்கணக்கான பேரை 15 வருஷம் பின்தொடர்ந்தாங்க. பெரியவங்களுக்கு வரும் நுரையீரல் டி.பி-யை அது தடுக்கலைங்கறதுதான் முடிவு. வேற ஆராய்ச்சிகள் சொன்னது என்னன்னா, சின்னக் குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காய்ச்சல் மாதிரி கடுமையான டி.பி-யிலிருந்து ஓரளவு காப்பாத்தும். ஸோ, குழந்தைக்கு ஊசி கட்டாயம் போடணும். ஆனா, ‘ஊசி போட்டாச்சு, டி.பி. வராது’ன்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு, 1956-ல் சென்னை சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையம். இன்னிக்கு அதுக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு பேரு. 1959-ல் அவங்க உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சாங்க. டி.பி. நோயாளிகளை சானடோரியத்துல வைக்காம, வீட்டுலயே வச்சு மாத்திரை கொடுத்தாலும் ஒரே மாதிரி குணமாகுதுன்னு காட்டினாங்க. ‘அப்ப வீட்டுல இருக்கும் குழந்தைங்களுக்குத் தொத்தாதா?’ன்னு எல்லாரும் கேட்டாங்க. அந்தக் குடும்பங்களை அஞ்சு வருஷம் கவனிச்சாங்க. சானடோரியத்துக்குப் போனவங்க குடும்பத்தைவிட, வீட்டுல இருந்தவங்க குடும்பத்துக்கு நோய் அதிகமா வரலை!

ஏன் தெரியுமா? பெரும்பாலும் தொத்தறது சிகிச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது. மாத்திரை சாப்பிடற நோயாளியைவிட, ‘சாதா இருமல்தான்’னு சொல்லிக்கிட்டுக் குழந்தையை மடியில வச்சுக் கொஞ்சற ஆள்தான் ஆபத்து.

யார் அந்த ஆள்?

இப்ப அந்த விட்டுப்போன கேள்விக்கு வருவோம். சின்னக் குழந்தைகிட்டேர்ந்து அடுத்தவங்களுக்கு டி.பி. பரவறது அபூர்வம். ஆனா, குழந்தைக்கு டி.பி-ன்னா, அதுக்குப் பக்கத்துல இருமிக்கிட்டிருக்கற ஒரு பெரியவர் இருக்கணும். குழந்தையோட டி.பி. ஒரு அலாரம்!

திருத்தணி மாதிரி எல்லை ஊர்ல அந்த ஆளைத் தேடறது இன்னும் சிக்கல். கல்யாணம், காதுகுத்து, வேலை, வியாபாரம்னு நகரிக்கும் புத்தூருக்கும் ஜனங்க பஸ்ல போய் வந்துக்கிட்டே இருக்காங்க. எலும்பு முறிஞ்சாலே புத்தூர் கட்டுக்கு எல்லை தாண்டறவங்க நாம! அந்த மூணு வயசுப் பொண்ணுக்குத் தொத்தினது, பக்கத்து மாநிலத்துல தறி ஓட்டற தாத்தாவா இருக்கலாம். லீவுக்குத் தங்கின சித்தியா இருக்கலாம். நோயாளிகளைப் பதிவு பண்ணும் ‘நிக்ஷய்’ கம்ப்யூட்டர் பதிவு நாடு முழுக்க ஒண்ணுதான். தமிழ்நாடு, ஆந்திரான்னு அதுக்கு வேலி கிடையாது. ஆனா, தாத்தாவுக்கு இருமல்னு யாராவது வாய் திறந்து சொன்னாத்தானே தேட முடியும்?

வீட்டுல ஒருத்தருக்கு நுரையீரல் டி.பி-ன்னு தெரிஞ்சா, அங்க இருக்கும் அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைகளை உடனே பரிசோதிக்கணும். நோய் இல்லைன்னு உறுதியானா, நோய் வராம இருக்கத் தடுப்பு மாத்திரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியில எல்லாம் இலவசம். வீட்டுல இருக்கும் மத்தவங்களுக்கும் தடுப்பு மருந்துன்னு 2021-ல் இந்தியா விரிவுபடுத்தியிருக்கு.

புராஜெக்ட் தேடறீங்களா?

ஃபைனல் இயர்ல ‘ஃபேஸ் டிடெக்‌ஷன்’ பண்ணி அலுத்துப்போன கம்ப்யூட்டர் சயன்ஸ் புள்ளிகளே, உங்களுக்கும் இங்க வேலை இருக்கு. எக்ஸ்ரே பார்த்து டி.பி. சொல்லும் சாஃப்ட்வேரை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சப்போ, 15 வயசும் அதுக்கு மேலயும்தான்னு கோடு போட்டுடுச்சு. குழந்தைகளுக்கு அதை நம்பற அளவுக்கு ஆதாரம் அப்போ இல்லை. ஏன்னா, சாஃப்ட்வேருக்குக் கத்துக்கொடுக்க, ‘இது டி.பி., இது இல்லை’ன்னு உறுதியா விடை தெரிஞ்ச படங்கள் வேணும். குழந்தைகள் விஷயத்துல அந்த விடையே தெரியாம டாக்டர்கள் முழிக்கறாங்கன்னுதானே இவ்வளவு நேரம் பேசினோம்!

அதெல்லாம் பெரிய வேலை. இந்த வாரமே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. நம்மள்ல நிறையப் பேர் வீட்டுல, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிச்சுச் சொல்ற முதல் ஆள் நாமதான். அக்கா குழந்தையைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போறப்போ ‘நீயும் வாடா’ன்னு கூப்பிடறது நம்மைத்தான்.

அப்போ கையில வச்சுக்க வேண்டியது:

* குழந்தையோட எடை அட்டை.

* காய்ச்சல், இருமல் எந்தத் தேதியில ஆரம்பிச்சதுங்கற குறிப்பு.

* இதுவரை கொடுத்த சிரப், மாத்திரைகளோட பேரு.

* கடைசி ரெண்டு வருஷத்துல வீட்டுலயோ, குழந்தையைத் தூக்கி வளர்த்தவங்களுக்கோ டி.பி. இருந்ததாங்கற பதில். டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க.

* சந்தேகம் இருந்தா நிக்ஷய் சம்பர்க் இலவச எண்: 1800-11-6666.

கடைசியா ஒண்ணு... ஹாஸ்டல்லயோ, மெஸ்லயோ, ஷேர் ஆட்டோலயோ நீங்களே ரெண்டு வாரத்துக்கு மேல இருமிக்கிட்டிருந்தா, ‘செமஸ்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்’னு தள்ளாதீங்க. லீவுல ஊருக்குப் போய்க் குழந்தையை அள்ளித் தூக்கறதுக்கு முன்னாடி, அந்த டப்பாவுல நீங்க ஒருதடவை துப்பிடுங்க. உங்களுக்குத்தான் துப்பத் தெரியுமே!